எண்ணெய், எரிசாராயம், தரிசு: பொருநைச் சமவெளியில் தாவர எரிபொருளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தாவரங்களிலிருந்தும் அவற்றின் எச்சங்களிலிருந்தும் திரவ எரிபொருள் பெறுவது இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமுயற்சியாகவே அரசின் கொள்கை ஆவணங்களில் பேசப்படுகிறது. முக்கூடலை உள்ளடக்கிய தாமிரபரணிச் சமவெளியின் வரலாற்றைப் பார்க்கையில் இக்கூற்று நிலைபெறவில்லை. இலுப்பை, புன்னை, ஆமணக்கு ஆகியவற்றின் எண்ணெயே மண்ணெண்ணெய் வரும்வரை இப்பகுதியின் திரவ எரிபொருளாக இருந்தது. பனையின் பதநீர் எரிசாராயத்துக்குரிய மூலப்பொருளாகும் தகுதியைப் பெற்றிருந்தது. ஒரு தாவரப்பொருள் எரிபொருளாவதா, உணவாவதா, குற்றப்பொருளாவதா என்பதை முடிவு செய்ததில் வேதியியலைவிட, அப்பொருளுக்கும் அது விளையும் நிலத்துக்கும் அரசு இட்ட பெயரே பெரும்பங்கு வகித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தாமிரபரணி, முக்கூடல், இலுப்பை, பதநீர், எரிசாராயம், மதுவிலக்கு, காட்டாமணக்கு, தரிசு, வைக்கோல்

முக்கூடலும் அதன் மூவகை நிலமும்

முக்கூடல் என்றதும் தமிழிலக்கியம் பயின்றோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது முக்கூடற்பள்ளு. அந்நூல் பாடும் முக்கூடல், பொருநையும் சிற்றாறும் கயத்தாறும் கூடுகின்ற சீவலப்பேரிப் பகுதியே என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. இன்று முக்கூடல் என்னும் பெயரால் வழங்கும் பேரூர் அதற்கு மேற்கே, கடனாநதி பொருநையில் கலக்கும் திருப்புடைமருதூருக்கு அண்மையில், ஆற்றின் வடகரையில் அமைந்துள்ளது. பெயர் ஒன்றாயினும் இடம் இரண்டு. இரண்டுமே ஒரே ஆற்றின் நன்செய்ப் பட்டையில் இருப்பதால், சமவெளி முழுமையையும் எடுத்துக்கொள்ளும் இவ்வாய்வுக்கு அவ்வேறுபாடு இடையூறாகாது.

இச்சமவெளியின் நில அமைப்பைச் சுருக்கமாகவேனும் குறிப்பிட வேண்டும். பாபநாசத்துக்குக் கீழே அணைக்கட்டுகளும் கால்வாய்களும் நீர் பகிர்ந்தளிக்கும் குறுகிய நெல்வயற் பட்டை முதலாவது. கால்வாய் எட்டாத செம்மண், கரிசல் மேட்டுநிலம் இரண்டாவது. தென்கிழக்கே கடலை நோக்கிச் செல்லச் செல்லப் பனை நிறைந்த தேரிமணல் மூன்றாவது. நெல்வயலில் வைக்கோலும் உமியும், மேட்டுநிலத்தில் ஆமணக்கும் புங்கும் இலுப்பையும், தேரியில் பனையும் எனத் தாவர எரிபொருளுக்குரிய மூலப்பொருள்கள் யாவும் ஓரிரு நாள் வண்டிப் பயண எல்லைக்குள் கிடைத்தன. முக்கூடல் பேரூரின் பெயர் இன்று வெளியூர்களில் அறியப்படுவது பீடித்தொழிலால் என்பது ஒரு விந்தை. எரிப்பதற்கென்றே விளையும் இலை அங்கு வேறொரு பயனுக்குச் சுருட்டப்படுகிறது.

விளக்கெண்ணெய் என்னும் சொல்

எரிபொருள் வரலாற்றுக்கு முதற்சான்று சொற்களிலேயே கிடைக்கிறது. எண்ணெய் என்பது எள்ளிலிருந்து பெற்ற நெய். எள், நெய் என்னும் இரு சொற்கள் புணர்ந்து உண்டானது. ஒரு வித்தின் நெய்யைக் குறித்த சொல் பின்னர் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று; முடிவில் மண்ணிலிருந்து எடுத்ததற்கும் அதுவே பெயராயிற்று. ஆமணக்கு நெய்யை இன்று பேதி மருந்தாகவே பலர் அறிவர். ஆயினும் அதன் பெயர் விளக்கெண்ணெய். பயன் மறைந்த பின்னும் பெயர் நின்றுவிட்டது. ஜார்ஜ் வாட் 1889 முதல் தொகுத்து வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி, ஆமணக்கு நெய்யை நாட்டின் முதன்மையான விளக்கெரி எண்ணெய்களுள் ஒன்றாகவே விவரிக்கிறது. இந்திய இருப்புப்பாதைகளின் விளக்குகளும் ஒரு காலத்தில் அதனால் எரிந்தன.

கோயில் விளக்கின் வரலாறு சற்று வேறானது. நெடுநல்வாடை காட்டும் அரண்மனை விளக்கும், கல்வெட்டுகள் காட்டும் நந்தாவிளக்கும் செல்வர்தம் விளக்குகள். இச்சமவெளிக் கோயில்களின் பாண்டியர், சோழபாண்டியர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக் கொடைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கொடையாளர் அளித்தது பெரும்பாலும் ஆடு. சாவா மூவாப் பேராடு என்னும் கல்வெட்டுத் தொடர், இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியை வைத்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குறிக்கும். சோழநாட்டில் ஒரு விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது பெருவழக்கு. அணையாத ஒரு சுடருக்கு எவ்வளவு மேய்ச்சல் நிலம் வேண்டும் என்பதை அக்காலத்தோர் கணக்கிட்டு வைத்திருந்தனர் என்பதே இத்தொடரின் உட்பொருள். புல்லை ஆடு மேய்கிறது, ஆடு நெய்யாகிறது, நெய் சுடராகிறது. உயிரித்திரளைத் திரவ எரிபொருளாக மாற்றும் நெடுவழி ஒன்று கல்லில் பொறித்த ஒப்பந்தமாக நிலைபெற்றிருந்தது.

குறுகிய வழி இலுப்பை. சங்கப் பாடல்களில் இருப்பை எனப்படும் இம்மரம் ஊர்ப்பொது நிலத்திலும் கோயில் நிலத்திலும் தோப்பாக வளர்க்கப்பட்டது. கோயில் விளக்குக்கு உகந்ததாக இலுப்பை எண்ணெயைச் சொல்லும் வழக்கம் இன்றும் மறையவில்லை. இதன் சிறப்பு வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காதது: ஒரே மரத்தின் பூவில் சர்க்கரையும் வித்தில் எண்ணெயும் உள்ளன. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்னும் பழமொழி முதற்பாதியை நினைவில் வைத்திருக்கிறது. இன்றைய கலைச்சொல்லில் சொன்னால், எத்தனாலுக்கும் உயிரி டீசலுக்கும் உரிய இரு மூலப்பொருள்களையும் தருவது இலுப்பை. வித்தைச் செக்கிலிட்டு எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு எருவாகவும் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் பொடியாகவும் பயன்பட்டது. பூவை வெளவாலும் மனிதரும் மாடும் பகிர்ந்துண்டனர். கடற்கரைப் பகுதியில் புன்னை வித்தின் எண்ணெய் இதே இடத்தைப் பெற்றிருந்தது.

இவ்வெண்ணெய்களுக்கு உரிமையாளர் பலர். மரம் கோயிலுக்கோ ஊருக்கோ உரியது, உதிர்ந்த வித்தைப் பொறுக்கியவர் பெரும்பாலும் பெண்களும் சிறுவரும், செக்கு வாணியருடையது, விளக்கு வேறொருவருடையது. எரிபொருள் என்னும் தனிப்பண்டம் அன்று இல்லை. உணவு, மருந்து, எரு, சுடர் ஆகிய நான்கும் ஒரே மரத்தின் கிளைகளாக இருந்தன. பின்வந்த சட்டங்கள் முதலில் செய்தது இக்கிளைகளைத் தனித்தனியே பிரித்துப் பெயரிட்டதே.

சீமையெண்ணெய் வந்தபின்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் தகரப்பெட்டிகளில் மண்ணெண்ணெய் வந்தது. பின்னர் பர்மாவிலிருந்தும் வந்தது. நெல்லைப் பேச்சில் அது இன்றும் சீமெண்ணெய். சீமையிலிருந்து வந்தது என்ற நினைவு அச்சொல்லில் தங்கியிருக்கிறது. தாவர எண்ணெயைவிட அது இளக்கமானது, திரியில் விரைந்தேறும், கண்ணாடிச் சிமினியினுள் வெள்ளொளி தரும். விலை, ஒளி இரண்டிலும் இலுப்பையால் அதனோடு போட்டியிட இயலவில்லை. ஒரு தலைமுறைக்குள் வீட்டு விளக்கு கைமாறியது. கோயில் விளக்கு மட்டும் பழையபடி நின்றது. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் சமவெளி நகரங்களில் மண்ணெண்ணெயின் இடமும் சுருங்கத் தொடங்கியது.

தாவர எண்ணெய் விளக்கைவிட்டு நீங்கிய அதே காலத்தில் இயந்திரத்துள் நுழையவும் முயன்றது. 1900இல் பாரிசு நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் டீசல் இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டது. குடியேற்ற நாடுகள் தமக்கு வேண்டிய எரிபொருளைத் தம் விளைச்சலிலிருந்தே பெறலாம் என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. அந்நாளில் தமிழகக் கடற்கரையிலிருந்து நிலக்கடலை பிரான்சின் மார்செய்ல் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றுகொண்டிருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

வித்தெண்ணெயை அப்படியே இயந்திரத்தில் இடுவதில் ஓர் இடர் உண்டு. அது மிகவும் பிசுக்கானது. தெளிப்பானில் அடைத்துக் கரியாகப் படியும். எண்ணெயுடன் சாராய வகை ஒன்றையும் சிறிது காரத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்கும் இளகிய எஸ்டர் டீசலைப் போன்றே எரியும். பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான் 1937இல் இதற்குப் பெல்ஜியக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே பேருந்து ஒன்று பாமாயில் எஸ்டரால் ஓடியது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலும் டீசல் இயந்திரங்களில் உள்நாட்டு வித்தெண்ணெய்களைச் சோதித்து 1942இல் ஆய்வு வெளியிடப்பட்டது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உள்ளான அப்போர்க்காலத்தில் தென்மாவட்டச் சாலைகளில் ஓடியவை கரிவாயு பேருந்துகள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கலன்களைச் செய்தது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் அக்கலன்கள் இரும்புக்கடைக்குப் போயின.

1948: ஓராண்டு, இரு சட்டங்கள்

எண்ணெயின் கதையில் விலை முடிவு செய்தது; சாராயத்தின் கதையில் சட்டம் முடிவு செய்தது. ஆகவே இப்பகுதியைச் சற்று விரித்துக் காண்பது பொருத்தமாகும்.

பதநீரில் ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காடு சர்க்கரை உள்ளது. கரும்புச் சாற்றோடு ஒப்பிடத்தக்க இந்த அளவு, ஆலையும் பாசனமுமின்றித் தேரிமணலில் தானே வளர்ந்து நிற்கும் மரத்திலிருந்து கிடைக்கிறது. இறக்கிய சில மணி நேரத்தில் தானே நொதிக்கத் தொடங்குவதும் அதன் இயல்பு. 12 விழுக்காடு சர்க்கரையுள்ள 100 லிட்டர் பதநீரிலிருந்து கோட்பாட்டளவில் 8 லிட்டருக்குச் சற்று மேலாகவும், நடைமுறையில் 6 முதல் 7 லிட்டர் வரையிலும் தூய சாராயம் பெறலாம். சாராயத்தை எரிபொருளாகக் கொள்ளும் எண்ணமும் புதியதன்று. எரிசாராயம் என்ற தமிழ்ச்சொல்லே அதற்குச் சான்று. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் கில்பர்ட் ஃபௌலரும் அவருடைய குழுவினரும் இலுப்பைப் பூவின் நொதித்தலை ஆராய்ந்தனர்.

காலனிய அரசு பதநீரைச் சர்க்கரைக் கரைசலாகப் பார்க்கவில்லை, வரியாகப் பார்த்தது. 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டம், நொதித்ததாயினும் நொதிக்காததாயினும் பனை, தென்னை, ஈச்சமரங்களிலிருந்து இறக்கும் சாறு யாவும் கள் என வரையறுத்தது. வேதியியல் அடிப்படையில் இவ்வரையறை பொருந்தாதது. காலையில் இறக்கிய இனிப்பு நீரும் மாலையில் புளித்த கள்ளும் அதற்கு ஒன்றே. பின்னர் விதிவிலக்காகக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது பதநீர் என ஏற்கப்பட்டது. சுண்ணாம்பு தடவாத கலயம் குற்றச்சான்றாயிற்று. இவ்வாறு ஒரு சாற்றின் சட்டப்பெயரைக் கலயத்தின் உட்புற வெண்மை தீர்மானித்தது. பம்பாய் மாகாணத்தில் 1892இல் இலுப்பைப்பூச் சட்டம் பூவைச் சேர்த்து வைப்பதையே கட்டுப்படுத்தியது. அங்கு மலைவாழ் மக்களின் உணவு ஒரே நாளில் ஐயத்துக்குரிய பொருளாயிற்று. இரு சட்டங்களும் ஒரே மனப்பாங்கின் வெளிப்பாடுகள்.

1937ஆம் ஆண்டுச் சென்னை மதுவிலக்குச் சட்டம் முதலில் சேலத்தில் நடைமுறைக்கு வந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. அதே 1948இல் மைய அரசு இந்திய ஆற்றல் சாராயச் சட்டத்தை இயற்றியது. பெட்ரோலில் சாராயம் கலப்பதற்கு வழிவகுத்தது அது. ஒரே ஆண்டில் ஒரு சட்டம் சாராயத்தை நாட்டின் எரிபொருளாக்க விழைந்தது. மற்றொன்று சாராயமாகக்கூடிய சாற்றைப் பனையேறியின் கையிலிருந்து விலக்கியது. இரண்டும் முரண்படவில்லை. முதற்சட்டத்தின் சாராயம் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து, உரிமம் பெற்ற வடிசாலையில், காவலுடன் உண்டாவது. இரண்டாம் சட்டத்தின் சாறு ஆயிரக்கணக்கான மரங்களில், ஆயிரக்கணக்கான கலயங்களில், காவல் வைக்க இயலாத இடத்தில் ஊறுவது. எரிபொருளாகும் தகுதி சாற்றின் சர்க்கரை அளவைப் பொறுத்து அமையவில்லை. அரசு கண்காணிக்கக்கூடிய ஓரிடத்தில் அது திரண்டிருப்பதைப் பொறுத்து அமைந்தது.

பனைத்தொழிலாளர்க்கு எஞ்சிய வழி கருப்பட்டி. மதுவிலக்கோடு இணைந்து பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊக்குவிக்கப்பட்டன. நல்லெண்ண முயற்சியே அது. எனினும் அதன் எரிபொருட் கணக்கை எவரும் போட்டதாகத் தெரியவில்லை. 100 லிட்டர் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்ச, ஏறத்தாழ 85 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும். அந்நீர் ஆவியாக வாங்கும் வெப்பம் மட்டுமே, அதே பதநீரிலிருந்து பெறத்தக்க சாராயத்தின் எரிமதிப்பை விஞ்சும். திறந்த அடுப்பில் வீணாகும் வெப்பம் இதற்கு மேற்பட்டது. சாராயத்தை வடிப்பதற்கும் விறகு வேண்டும் என்பது உண்மை. ஆயினும் ஆவியாக்க வேண்டிய அளவு அங்கு மிகக் குறைவு. நாளொன்றுக்கு இருமுறை 30, 40 மரங்கள் ஏறி இறங்கும் ஒருவரின் குடும்பத்துப் பெண்கள் காய்ச்சும் அடுப்புக்காக ஓலையும் மட்டையும் முள்விறகும் தேடித் திரிந்த உழைப்பு இக்கணக்கில் சேரும். கருப்பட்டி உணவு, எரிசாராயம் எரிபொருள், ஆகவே இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்ற மறுப்பு எழக்கூடும். மறுப்பு நியாயமானது. ஆனால் எதைச் செய்வது என்று தேரும் உரிமை பனையேறிக்கு இருந்ததா என்பதே இங்கு எழும் வினா.

1948ஆம் ஆண்டின் ஆற்றல் சாராயச் சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்று 2000இல் நீக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுக்குப் பின் 2003இல் பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் மீண்டும் தொடங்கியது. பனை அதில் இடம்பெறவில்லை. 1987 சனவரி முதல் தமிழகத்தில் கள்ளுக்கடைகள் இல்லை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்திடம் உள்ளது. தொழிற்சாலைக்கான சாராயம் மதுவா, மதுவன்றா என்ற பெயர்ச்சிக்கலும் முடிந்தபாடில்லை. 1990இல் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு அது போதை தரும் மதுவகையில் அடங்காது என்றது. 2024 அக்டோபரில் ஒன்பதின்மர் அமர்வு, ஒருவர் மட்டும் மாறுபட, அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கலயத்தின் சுண்ணாம்பில் தொடங்கிய கேள்வி அரசியலமைப்பின் அட்டவணைவரை வந்து நிற்கிறது.

காட்டாமணக்கும் தரிசு என்னும் கற்பனையும்

சாற்றுக்கு நேர்ந்தது நிலத்துக்கும் நேர்ந்தது. திட்டக்குழுவின் உயிரி எரிபொருள் குழு 2003இல் அளித்த அறிக்கை, டீசலில் 20 விழுக்காடு கலப்பை இலக்காகக் கொண்டு, ஏறத்தாழ 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் காட்டாமணக்கு நடலாம் என்று கணக்கிட்டது. ஹெக்டேருக்கு 2,500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ வித்து என்பது அக்கணக்கின் அடிப்படை. நிலம் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை ஒரே சொல்: தரிசு. தமிழக அரசும் வேளாண் பல்கலைக்கழகமும் கோவையை மையமாகக் கொண்ட தனியார் நிறுவனங்களும் ஒப்பந்த முறையில் இப்பயிரைப் பரப்பின. ஆடுமாடு கடிக்காத வேலிச்செடியாகத் தமிழகச் சிற்றூர்கள் அறிந்திருந்த காட்டாமணக்கு, பத்திரிகைகளில் பச்சைத் தங்கம் ஆயிற்று.

விளைவை இருவேறு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. பெரே அரிசா-மொண்டோபியோவும் சரச்சந்திர லேலேயும் கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததில் சிறு பங்கே கிடைத்ததையும், காட்டாமணக்கு தரிசில் ஏறாமல் நிலக்கடலை போன்ற உணவுப்பயிர் விளைந்த நிலத்தில் ஏறியதையும் காட்டியது. நீர் பாய்ச்சாத செடி காய்க்கவில்லை. நீருள்ளவர் அதை நடவேண்டிய தேவையில்லை. நட்டவர் பலர் சில ஆண்டுகளில் பிடுங்கி எறிந்தனர்.

இரண்டாம் ஆய்வு நெல்லைக்கு வடக்கே, கரிசல் நிலமாகிய சாத்தூர் வட்டத்தில் நடந்தது. ஜெனிஃபர் பாகாவும் ராபர்ட் பெய்லிஸும் 2014இல் வெளியிட்ட அவ்வாய்வு கேட்ட கேள்வி எளியது: தரிசு எனப்பட்ட நிலத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது? இருந்தது சீமைக்கருவேலம். வீட்டு அடுப்புக்கும் செங்கற் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் சிறு ஆலைகளுக்கும் அங்கிருந்து விறகு சென்றுகொண்டிருந்தது. அதை வெட்டியும் மூட்டம் போட்டும் பிழைத்தவர் நிலமற்ற உழைப்பாளர். காட்டாமணக்கு உயிரி டீசலால் கிடைக்கக்கூடிய பயன்படு ஆற்றலைவிட 2.5 முதல் 10.3 மடங்கு ஆற்றலைச் சீமைக்கருவேலம் ஏற்கெனவே தந்துகொண்டிருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. தரிசு என்ற சொல் அந்த ஆற்றலையும் அதனால் வாழ்ந்தோரையும் கணக்கிலிருந்து ஒரே கோட்டில் அடித்துவிட்டது.

சீமைக்கருவேலம் புகழத்தக்க மரம் என்பது இதன் பொருளன்று. 1870களில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம் கண்மாய்களையும் குளங்களையும் அடைத்துக்கொண்டது. அதை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் பிறப்பித்த ஆணைகளுக்கு வலுவான காரணமும் இருந்தது. ஆயினும் அம்மரம் விறகாகும்போது அதன் பயன் கையில் அரிவாள் உள்ள எவருக்கும் எட்டியது. காட்டாமணக்கு டீசலாகும்போது பயன் ஆலை வாயிலுக்குப் பின்னரே தொடங்கியது. மாற்றுமரமாக இலுப்பையையும் புங்கையும் முன்மொழிந்தோர் உண்டு. இலுப்பை எண்ணெயில் 19 விழுக்காடு அளவுக்குக் கட்டற்ற கொழுப்பு அமிலம் இருப்பதால் அதை எஸ்டராக்க இருபடி முறை வேண்டும் என்பதைக் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2005 அளவில் நடந்த ஆய்வு காட்டியது. வேதியியல் தீர்க்கக்கூடிய இடர் அது. இலுப்பை காய்க்கப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதே தீராத இடர். ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் அடங்காத மரம் திட்ட ஆவணத்துள் நுழைவதில்லை. அதை நட்ட பழைய ஊரவையும் கோயிலும் அறுவடை ஆண்டைக் கணக்கிட்டு நடவில்லை.

வைக்கோலின் விலை

இப்போது பார்வை மீண்டும் நெல்வயலுக்குத் திரும்பியுள்ளது. 2018ஆம் ஆண்டுத் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வேளாண் எச்சங்களிலிருந்து எத்தனால் பெறுவதை முன்னிறுத்துகிறது. பானிப்பட்டில் 2022 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் திறனுடையது. டன்னுக்கு 150 லிட்டர் என்பது கணக்கு. வைக்கோலின் செல்லுலோசைச் சர்க்கரையாக உடைத்தபின் நடப்பது பதநீரில் நடக்கும் அதே நொதித்தல்தான். 2020 முதல் இந்திய உணவுக் கழகத்தின் மிகை அரிசியும் எத்தனாலுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. எச்சம், மிகை என்னும் இரு சொற்களும் இங்கு, முன்பு தரிசு என்ற சொல் செய்த வேலையைச் செய்கின்றன.

வயலிலேயே வைக்கோலை எரித்துவிடும் பஞ்சாப், அரியானா நிலங்களைக் கருதினால் அது எச்சமே. அதற்கு ஆலை அமைவது நன்றே. தாமிரபரணிச் சமவெளியில் கார், பிசானம் என்னும் இரு பருவத்து வைக்கோலும் எரிக்கப்படுவதில்லை. முக்கூடல், சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வயல்களில் அறுவடை எந்திரம் சென்ற மறுநாளே கட்டும் எந்திரம் வருகிறது. உருளையாகக் கட்டிய வைக்கோலில் ஒரு பகுதி உள்ளூர்க் கறவை மாட்டுக்குப் போகிறது. மறுபகுதி லாரிகளில் செங்கோட்டை, புளியரை வழியாக மலை கடந்து கேரளத்துக்குப் போகிறது. நெல் விலை சரிந்த ஆண்டில் குத்தகையைக் கட்ட உதவுவது சில வேளைகளில் அவ்வுருளைகளின் விலையே. சொந்த நிலமின்றி ஓரிரு மாடு வைத்திருப்போர்க்கு வைக்கோல் விலை ஏறுவது பால் கணக்கில் தெரியும்.

கொள்கை ஆவணத்தின் அட்டவணையில் இவ்வைக்கோல் வேளாண் கழிவு. வாங்க வரும் தரகர் அதை உருளைக்கு இவ்வளவு என்று விலை பேசி, ஈரம் பார்த்து, எண்ணி ஏற்றுகிறார்.